ஹெட்லைட் எரியவில்லையா? பல்ப் வாங்கக் கிளம்பும் முன் இதைப் பாருங்கள்

நாங்கள் இருப்பது நாகப்பட்டினத்தில். எங்கள் வீட்டில் ஒரு கார், மாமா வீட்டில் ஒன்று, மச்சானிடம் ஒன்று. மூன்றுமே பத்து வயதைத் தாண்டியவை. மூன்றையும் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது. எந்த வண்டியில் ஹெட்லைட் போனாலும் போன் எனக்குத்தான் வரும். "மாப்ள, பீஸ் போச்சு, ஒரு பல்ப் வாங்கிட்டு வந்துடு" என்பார் மாமா.

இந்தப் 'பீஸ் போச்சு'வில்தான் பாதிச் சிக்கல். நம் ஊரில் பல்புக்குள் இழை அறுந்தாலும் பீஸ் போச்சு, ஃபியூஸ் டப்பாவில் ஃபியூஸ் உருகினாலும் பீஸ் போச்சு. பல்பும் கையுமாகப் போய் நின்றால் கோளாறு வேறெங்கோ இருக்கும். அதனால் இப்போதெல்லாம் போனிலேயே கேட்டுவிடுகிறேன்: எந்தப் பக்கம்? டிம்மா, பிரைட்டா, இரண்டுமா? வரும் பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

## கை வைக்கும் முன்

இது ஹாலஜன் பல்ப் போட்ட கார்களுக்கு. ஆல்ட்டோ, வேகன்-ஆர் போன்ற பெருவாரியான சிறிய கார்களில் ஹெச்4 பல்ப் இருக்கும். பின்னால் மூன்று தகடு, உள்ளே இரண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி பல்ப் உள்ள கார்களில் ஹெச்7, ஹெச்1, ஹெச்11 என்று வரும். உங்களுடையது எது என்பது பழைய பல்பின் உலோக அடிப்பாகத்தில் பொறித்திருக்கும், வண்டியோடு வந்த கையேட்டிலும் இருக்கும். கடைக்காரரின் ஊகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ஸெனான் விளக்கு என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது பற்றும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும். வீட்டில் பிரிக்கிற பொருள் இல்லை. கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வந்த கார்களில் பெரும்பாலும் மாற்றுவதற்குப் பல்பே இருக்காது, முழு விளக்கைத்தான் மாற்றுவார்கள். இரண்டுமே சர்வீஸ் சென்டர் வேலை.

தேவைப்படும் சாமான் அதிகமில்லை: சுத்தமான பருத்தித் துணி, சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவர், டார்ச், ஒரு மல்டிமீட்டர். இருநூறு, முந்நூறு ரூபாய் மீட்டரே போதும். எரிந்துகொண்டிருந்த பல்பை உடனே தொடாதீர்கள், கை வெந்துவிடும். அணைத்துச் சாவியை எடுத்துவிட்டு, டீ குடித்து வந்த பிறகு ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

## ஒரு பக்கம் மட்டும், டிம்மோ பிரைட்டோ ஒன்று மட்டும் எரியவில்லை

பெரும்பாலும் பல்ப்தான். ஹெச்4-இல் இரண்டு இழையில் ஒன்று அறுந்திருக்கும். நாம் அதிகம் ஓட்டுவது டிம்மில் என்பதால் முதலில் போவதும் அதுதான்.

ஆனாலும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். எரிகிற பக்கத்துப் பல்பைக் கழற்றி எரியாத பக்கம் போடுங்கள், அதை இங்கே போடுங்கள். கோளாறு பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் குற்றவாளி பல்ப். மாறாமல் அதே பக்கம் நின்றால் ஹோல்டர், ஒயர், ஃபியூஸ் இவற்றில் ஒன்று. காசு செலவில்லாத சோதனை இது. நான் பார்த்த வரையில் மீட்டரை விட நம்பகமானதும் இதுதான். களிம்பு பிடித்த ஒயரில்கூட மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். பல்ப் இழுக்கும் நாலரை, ஐந்து ஆம்பியரை அந்த ஒயர் தாங்குமா என்பதை மீட்டர் சொல்லாது, பல்ப்தான் சொல்லும்.

கழற்றுவது எப்படி? போனட்டைத் திறந்து ஹெட்லைட்டின் பின்புறம் பாருங்கள். மூன்று ஒயர் போகும் கப்ளர் (ஹோல்டர் என்பதும் இதைத்தான்) ஒன்று பல்பில் செருகியிருக்கும். அதை ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கப்ளரின் உடம்பைப் பிடித்து இடம், வலமாக லேசாக ஆட்டி நேராக உருவ வேண்டும். வராவிட்டால் ஸ்க்ரூடிரைவர் முனையை ஒரு ஓரத்தில் வைத்து ஒரு நெம்பு, எதிர் ஓரத்தில் ஒரு நெம்பு. அப்புறம் ரப்பர் மூடி. அதன் காதைப் பிடித்து உரித்தால் வந்துவிடும்.

உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு மெல்லிய கம்பி கிளிப் தெரியும். புதிதாகச் செய்பவர்கள் திணறுவது இங்கேதான். இழுத்தால் வராது. முதலில் உள்ளே அழுத்தி, பிறகு பக்கவாட்டில் தள்ளி, கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோணம், விரலால் தடவித்தான் செய்ய வேண்டியிருக்கும். கழற்றுவதற்கு முன் போனை உள்ளே நுழைத்து ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தப் படம்தான் கை கொடுக்கும்.

புதிய பல்பை உலோகப் பகுதியில் மட்டுமே பிடிக்க வேண்டும். கண்ணாடியில் விரல் பட்டால் கையின் எண்ணெய்ப்பசை ஒட்டி, சூட்டில் அந்த இடம் மட்டும் அதிகமாகக் காய்ந்து பல்ப் சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்ந்த பிறகு போடுங்கள். ஹெச்4 அடிப்பாகத்தில் மூன்று காது இருக்கும். எல்லாம் ஒரே அளவில் இருக்காது. ஒரே ஒரு நிலையில்தான் சரியாக உட்காரும். உட்கார்ந்த பிறகு விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. கிளிப், ரப்பர் மூடி, கப்ளர் என்று வந்த வழியே மாட்டி, போனட்டை மூடும் முன் டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பார்க்கவும்.

சில கார்களில் பேட்டரியை எடுத்தால்தான் கை நுழையும். சிலவற்றில் முன் சக்கரத்தைத் திருப்பி, மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திறக்க வேண்டும். பம்பரையே இறக்கச் சொல்லும் கார்களும் உண்டு. அப்படிப்பட்ட வண்டி என்றால் கூலி கொடுத்துவிடுங்கள், பம்பர் கிளிப் உடைந்தால் பல்பை விடச் செலவு அதிகம்.

எலக்ட்ரீஷியனிடம் போக வேண்டிய இடம்: கழற்றும்போது பல்பின் கண்ணாடி விளக்குக்குள்ளேயே உடைந்து விழுந்தால். உள்ளே கம்பி விட்டுத் துழாவினால், ஒளியை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு கீறிப் போகும். கிளிப்போ அதன் ஸ்க்ரூவோ உள்ளே விழுந்தால் காந்தம் கட்டிய குச்சியால் நீங்களே எடுத்துவிடலாம்.

## ஒரு பக்கத்தில் டிம், பிரைட் இரண்டுமே இல்லை

முதலில் ஃபியூஸ். பல கார்களில் இடது, வலது ஹெட்லைட்டுக்குத் தனித்தனி ஃபியூஸ் உண்டு. ஃபியூஸ் டப்பா மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்து அந்த ஃபியூஸை உருவி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். நிறத்தை மறக்காதீர்கள்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான் போட வேண்டும். "கொஞ்சம் பெருசா போட்டா போகாதுல்ல" என்று மச்சான் கேட்டான். ஃபியூஸ் போகாது, அதற்குப் பதிலாக ஒயர் போகும்.

புதிய ஃபியூஸ் போட்டதும் அதுவும் போனால், அந்தப் பக்கப் பல்பின் கப்ளரை உருவிவிட்டு இன்னொரு ஃபியூஸ் போட்டு லைட்டைப் போடுங்கள். இப்போது ஃபியூஸ் நின்றால் பல்பிலோ அதன் தகடுகளிலோ ஷார்ட். அப்போதும் போனால் ஷார்ட் ஒயரில் இருக்கிறது. மூன்றாவது ஃபியூஸை வீணாக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது கப்ளர். உருவி, அதன் மூன்று துளைக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளைத் தகடு பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, சின்ன அரத்தாலோ சின்னதாக மடித்த உப்புத்தாளாலோ சுரண்டலாம். எங்கள் ஊர் வண்டிகளில் இது வருடாந்திர வேலை.

அடுத்து எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு. எர்த் கெட்டால் ஒரு தனி அடையாளம் உண்டு: பல்ப் முழுசாக அணையாமல் இரண்டு இழையும் மஞ்சளாக மினுங்கும், இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் லைட்டும் சேர்ந்து துடிக்கும். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் பாடியில் போல்ட் போட்டு இறுக்கிய ஒயரைத் தேடுங்கள். கழற்றி, துருவைச் சுரண்டி, திரும்ப இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. கப்ளரின் நடுத்தகடு எர்த்தாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பேட்டரி மைனஸிலிருந்து தனி ஒயர் இழுத்துத் தொட்டுவிடாதீர்கள். சில கார்களில் பொதுத்தகடுதான் பிளஸ், ஸ்விட்ச் போடுவது எர்த் பக்கம். நான் தொட்டேன். ஒரு பொறி, ஒரு ஃபியூஸ், மாமாவின் முகத்தில் ஒரு சிரிப்பு. அதிலிருந்து மீட்டரின் இரண்டு முனையையும் கப்ளரின் துளைகளுக்குள்ளேயே இரண்டிரண்டாக வைத்துத்தான் பார்க்கிறேன். லைட் போட்டிருக்கும்போது ஏதாவது ஒரு ஜோடியில் 12 வோல்ட் வர வேண்டும்.

## இரண்டு பக்கமும் டிம் இல்லை, பிரைட் மட்டும் எரிகிறது

எல்லாரும் ரிலே, ஸ்விட்ச் என்று பெரிதாக யோசிக்கும் இடம் இது. நான் முதலில் பார்ப்பது இரண்டு பல்பையும். ஒரே நாளில் போட்ட ஜோடி ஏறத்தாழ ஒன்றாகவே சாகும். அதோடு ஒரு பக்கம் போய் இரண்டு மாதமானதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்போம். இன்னொன்று போனதும்தான் "திடீர்னு ரெண்டும் போச்சு" என்போம். மாமாவின் கார் அப்படித்தான் ஒரு நாள் திருவாரூர் ரோட்டில் நின்றது. பிரைட் மட்டும் போட்டு வந்து, எதிரே வந்த லாரிக்காரர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பல்பைக் கழற்றிப் பார்த்தால் செத்த விதம் தெரியும். இழை அறுந்து, கண்ணாடி உள்ளே லேசாகக் கறுத்திருந்தால் ஆயுள் முடிந்தது. உள்ளே பால் போல வெள்ளைப் படலம் இருந்தால் எங்கோ விரிசல் விட்டுக் காற்று புகுந்திருக்கிறது. கண்ணாடியில் கொப்புளம் போல உப்பியிருந்தால் போட்டவர் விரல் பட்டிருக்கிறது.

இரண்டு பல்பும் நன்றாக இருந்தால் டிம் ஃபியூஸ், அடுத்து ரிலே. சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் டப்பா ஸ்விட்ச்தான் ரிலே. ரிலே சோதனைக்கும் மாற்றிப் போடும் வித்தைதான். ஃபியூஸ் டப்பாவில் ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் பல சமயம் ஒரே மாதிரி ரிலே இருக்கும். மேலே உள்ள எண்ணும் அடியில் உள்ள தகடுகளின் அமைப்பும் ஒன்றாக இருந்தால் இடம் மாற்றுங்கள். டிம் எரிந்து ஹாரன் அடிக்காவிட்டால் விஷயம் முடிந்தது, புது ரிலே ஒன்று வாங்கினால் போதும்.

அதற்கும் அசையாவிட்டால் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச். லிவரை லேசாகத் தூக்கிப் பிடித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது என்றால் உள்ளே காண்டாக்ட் தேய்ந்துவிட்டது. ரிலே இல்லாமல் முழுக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகவே போகும் பழைய வண்டிகளில் இது சகஜம். ஸ்டியரிங்கில் ஏர்பேக் உள்ள காரில் அதைப் பிரிக்க முயல வேண்டாம், இதற்கு எலக்ட்ரீஷியன்தான்.

## இரண்டு பக்கமும் எதுவுமே எரியவில்லை

ஹாரன், வைப்பர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அவையும் இல்லையென்றால் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள். அவை இருந்தால் ஹெட்லைட்டின் மெயின் ஃபியூஸ், ரிலே, ஸ்விட்ச் என்ற வரிசையில் போகலாம்.

கூடவே எலி. இரண்டு வாரம் வண்டியை எடுக்காமல் வைத்திருந்தீர்களா? பேட்டரிக்கு அடியில், ஹெட்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடுங்கள். புழுக்கை, கொறித்த பஞ்சு, செம்பு தெரியும் ஒயர் இவை கண்ணில் பட்டால் அதற்கு மேல் லைட் போட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு ஒயர் வெளியே தெரிந்தால் மறைவில் இன்னும் இரண்டு இருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

## பல்ப் அடிக்கடி போகிறது

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே இதுதான். மச்சானின் காரில் வலது பக்கப் பல்ப் ஒரே வருடத்தில் நாலு முறை போனது. ஒவ்வொரு முறையும் அவன் வேறு கம்பெனி பல்ப் வாங்கினான், விலையும் ஏறிக்கொண்டே போனது. நாலாவது முறை பஸ் ஸ்டாண்டு பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனோம். அவர் புதுப் பல்பைக் கையில் வாங்கவே இல்லை. "பல்ப் இருக்கட்டும் தம்பி. ஹோல்டரப் பாத்தியா?" என்றார்.

கப்ளரை உருவித் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக், ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பு ஏறி, ஓரம் உருகிச் சுருங்கியிருந்தது. உள்ளே இருந்த தகடு மங்கி, நீலமும் கறுப்புமாக நிறம் மாறிக் கிடந்தது. பல்பின் தகட்டைச் செருகினால் பிடிப்பே இல்லை, தானாக வழுக்கிக்கொண்டு வந்தது. தகடு தளர்ந்தால் அந்த இடம் சூடாகும், சூட்டில் தகடு இன்னும் தளரும். பல்பின் காலும் கூடவே வேகும். ஹோல்டர் விலை நூறு ரூபாய்ச் சொச்சம்தான். அதை விட்டுவிட்டு மச்சான் வாங்கிய நாலு பல்பின் விலையை நான் கூட்டிப் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஹோல்டர் ஏன் கருகியது என்று கேட்டால், அதற்கு முன்னால் யாரோ 100/90 வாட் பல்ப் போட்டிருக்கிறார்கள். கடையில் "நல்லா வெளிச்சம் வரும் சார்" என்று தருவார்கள். 55 வாட்டுக்குத் தயாரித்த ஒயரிலும் ஹோல்டரிலும் ஒன்றரை மடங்குக்கு மேல் கரண்ட் ஓடும். பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டராக இருந்தால் அதுவும் கறுக்கும். அந்தப் பல்பை எப்போதோ எடுத்துவிட்டாலும் வெந்த ஹோல்டர் அப்படியே இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஹோல்டர் மாற்றும்போது ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டு வராதீர்கள். எஞ்சின் சூட்டில் அந்தப் பசை உருகிவிடும். ஈயம் வைத்து சால்டரிங்கோ, உலோகக் குழாயில் நசுக்கிக் கிரிம்பிங்கோ செய்து, சூட்டில் சுருங்கும் ட்யூப் போட வேண்டும். பழைய ஒயரின் மேலுறை ஹோல்டரிலிருந்து ஓரிரு அங்குலத்துக்கு மட்டும் வெந்திருந்தால் அதை வெட்டிவிட்டுச் சேர்க்கலாம். அதற்கு மேலும் மேலுறை பொடிந்து போயிருந்தால் அந்த ஒயரையே மாற்ற வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஹோல்டர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் பல்ப் போகிறது என்றால் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

கண்ணாடியில் விரல் படாமல்தான் போட்டீர்களா? பல்ப் அதன் இடத்தில் ஆடுகிறதா? கிளிப் தளர்ந்திருந்தால் நம் ஊர் வேகத்தடைகளே போதும், இழை அறுந்துவிடும். ரப்பர் மூடி கிழிந்து உள்ளே நீர்த்துளி நிற்கிறதா?

ஒரு பக்கம் மட்டும் என்றில்லாமல் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறது, கூடவே டெயில் லைட் பல்பும் போகிறது என்றால் பேட்டரியில் மீட்டர் வையுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வோல்ட் இருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் 13.5 முதல் 14.5 வரை வரும். 15-ஐத் தாண்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. வோல்டேஜ் ஐந்து சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதற்குள் பேட்டரியும் கொதித்துக்கொண்டிருக்கும். தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் போங்கள். இந்தப் பட்டியலில் அதிகச் செலவு வைப்பது இதுதான்.

## எரிகிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

பகலில் காருக்கு முன்னால் போய் நின்று பாருங்கள். கண்ணாடி என்று நாம் சொல்வது உண்மையில் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சள் பூத்துவிடும். வெளியே நிறுத்தும் வண்டிகளில் சீக்கிரமே வரும். பற்பசை தேய்த்தால் கொஞ்ச நாள் தெளியும், திரும்ப மஞ்சளாகும். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் ஓரத்துப் பெயின்ட்டில் டேப் ஒட்டி மறைத்துவிட்டு, தண்ணீர் தெளித்தபடி வாட்டர் பேப்பரை 1000, 2000, 3000 என்ற வரிசையில் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். கடைசிப் படியை விட்டால் ஒரு கோடைக்குக்கூடத் தாங்காது.

வெளியே தெளிவாக இருந்து உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கி, சாம்பல் பூத்தது போல இருந்தால் வழியில்லை. ஹெட்லைட்டையே மாற்ற வேண்டும்.

இரண்டும் நன்றாக இருந்தால் எஞ்சினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது பிரகாசம் கூடி, விட்டால் குறைகிறதா? பேட்டரி, ஃபேன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். மாறாமல் எப்போதும் மங்கலாகவே இருந்தால் ஒயரில் வோல்டேஜ் இழப்பு. பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே கப்ளரின் பின்புறமாக மீட்டர் முனையை நுழைத்து அளந்து, பேட்டரியில் வரும் அளவோடு ஒப்பிடுங்கள். பேட்டரியில் 13.8, பல்பில் 12.2 என்றால் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போகிறது. வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம் போலக் குறைந்துவிடும். ரிலேயோடு கூடிய தனி ஒயரிங் செட் கடையில் கிடைக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், நடுவில் ஃபியூஸ். அதை மாட்டினால் 60/55 பல்பே வேறு மாதிரி எரியும். பெரிய வாட் பல்ப் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

## குழியில் இறங்கினால் அணைகிறது, ஏறினால் எரிகிறது

லூஸ் கனெக்‌ஷன். லைட்டைப் போட்டுவிட்டு ஒருவர் முன்னால் நிற்கட்டும், இன்னொருவர் கப்ளர், ஃபியூஸ், ரிலே, எர்த் என்று ஒவ்வொன்றாக லேசாக ஆட்டட்டும். எங்கே ஆட்டும்போது மினுக்குகிறதோ அங்கே கோளாறு. பத்து நிமிடம் ஆட்டியும் பிடிபடாவிட்டால் விட்டுவிடுங்கள், அது ஒயர் கட்டுக்குள் எங்கோ இருக்கும்.

## உள்ளே நீர் கோத்திருக்கிறது

மழையில் ஓட்டி வந்த பிறகு லேசாக ஆவி படிந்து, லைட் போட்ட கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை வேண்டாம். துளித்துளியாக வழிந்தாலோ அடியில் தேங்கினாலோ முதலில் ரப்பர் மூடியைப் பாருங்கள். மேற்பக்கம் எது என்று குறி போட்டிருக்கும். தலைகீழாக மாட்டியிருந்தாலோ ஓரம் மடங்கியிருந்தாலோ நீர் இறங்கும். என் அனுபவத்தில் பாதிக்குப் பாதி, போன முறை பல்ப் மாற்றியவர் மூடியைச் சரியாக மாட்டாததுதான் காரணம். அந்த ஆள் இரண்டு முறை நானே.

மூடி சரியாக இருந்தால் விளக்கின் ஓரத்தில் விரிசல் தேடுங்கள். மயிரிழை விரிசலுக்கு சிலிகான் போதும். விளக்கைக் கழற்றி அடுப்பில் சூடாக்கிப் பிரிக்கும் வீடியோக்களைப் பார்த்து நானும் ஆசைப்பட்டேன். வீட்டில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

## புதுப் பல்ப் போட்டதிலிருந்து எதிரே வருபவர் டிப் அடிக்கிறார்

எல்இடி பல்ப் போட்டிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். ஹாலஜனுக்காக வார்த்த ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்திலிருந்து வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடியின் சில்லு அந்த இடத்தில் அப்படியே உட்காராவிட்டால் ஒளி மேலே சிதறும். உங்களுக்குப் பளிச்சென்று தெரியும். எதிரே சைக்கிளில் வருபவருக்கு ஒன்றுமே தெரியாது. திரும்ப ஹாலஜனே போடுங்கள்.

ஹாலஜன்தான் என்றால் பல்ப் சாய்ந்து உட்கார்ந்திருக்கும். கழற்றி, காது மூன்றும் பள்ளத்தில் விழுகிறதா என்று பார்த்து மாட்டுங்கள்.

அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் கோணம். சமதளத்தில் ஒரு சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டாஷ்போர்டில் லைட் உயரத்துக்கான திருகு இருந்தால் சுழியத்தில் வையுங்கள். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். பல ஹெட்லைட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் இது சதவீதமாகப் போட்டிருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் விளிம்பின் இடது முனை மட்டும் மேல்நோக்கி ஏறும். அதைக் கோளாறு என்று நினைத்து இறக்கிவிடாதீர்கள். ஹெட்லைட்டின் பின்னால் இருக்கும் திருகை ஒரு முறைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, சுவரைப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. திருகு சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளிச்சம் அசையவில்லை என்றால் உள்ளே பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கும். ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்துப் பார்க்கட்டும்.

நான் இப்போதெல்லாம் பல்பைக் கழற்றும் முன்பே சுவரில் சாக்பீஸால் பழைய விளிம்பைக் குறித்துவிடுகிறேன். மாமா வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் மூன்று காருக்கும் மூன்று கோடு இருக்கிறது. பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லிவிட்டார்.